கிணற்றுச் சேஷன் கடலுக்குப் போனான், அப்பா

என் செல்ல அப்பாவுக்கு,

பங்கஜம் தெண்டன் சமர்ப்பித்து எழுதுவது. முதலில் சௌகரியமாகச் சாய்ந்து உட்காருங்கள். இதை நின்றுகொண்டு கேட்க முடியாது. சந்தோஷத்தில் மையை இரண்டு தடவை கொட்டிவிட்டேன், அம்மாவிடம் திட்டும் வாங்கியாயிற்று.

முப்பது வருஷம் தபால் ஆபீசில் இருந்தவர் நீங்கள். விலாசம் அரைகுறையாக இருக்கும் கடிதத்தைப் பார்த்தாலே உங்களுக்கு மூக்கின் நுனி சிவக்கும். பரமபதத்துக்கு எந்த ஆபீஸ் வழியாகத் தபால் போகிறது, சொல்லுங்கள் பார்ப்போம்? தெரியாததால் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நாலு பேர் படிக்கட்டும். அவர்களில் யாராவது என்றைக்காவது உங்கள் பக்கம் வரத்தானே வேண்டும், வந்தால் சொல்லிவிடுவார்கள்.

விஷயம் நம் கிணற்றுச் சேஷனைப் பற்றி. உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் ஒட்டுக்கேட்பவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். இருபத்துநாலாம் வருஷப் பெருவெள்ளத்தில் கொள்ளிடத்துத் தண்ணீர் நம் கொல்லை வரை ஏறி வந்தது. கிணறு வழிந்து, கிணறு எது வெள்ளம் எது என்று தெரியாமல் இரண்டு நாள் கிடந்தது. வடிந்த பிறகு நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். கறுப்பாக, ஒரு சாண் நீளத்தில், சுவரோரமாக ஒன்று நெளிந்தது. "பெருமாள் வெள்ளத்தோட திருவனந்தாழ்வானை அனுப்பி வச்சிருக்கார்!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் அடுப்பில் இருந்த பாலை அம்மா பொங்கவிட்டாள்.

அன்றிலிருந்து அந்த ஆதிசேஷனுக்காக எத்தனை சட்டம்! வாளியை இறக்குமுன் மூன்று தடவை கை தட்ட வேண்டும். "சேஷா, தள்ளிக்கோ" என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ஓர் உத்தரணி பால், தினமும் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிய தயிர்சாதத்தில் ஓர் உருண்டை. "காப்பிக்கே பால் போறல, கிணத்துக்கு என்ன பால் வேண்டியிருக்கு?" என்று அம்மா கேட்காத வெள்ளிக்கிழமை கிடையாது. "கிணத்துக்கு இல்லடி, ஆழ்வானுக்கு" என்று நீங்கள் சொல்லாத வெள்ளிக்கிழமையும் கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டே. குனிந்து உற்றுப் பார்க்கக் கூடாது. "பெருமாளோட படுக்கையை எட்டிப் பார்க்கப்படாது" என்பீர்கள். உங்களுக்கோ கண்ணில் புரை. ஆக, பதின்மூன்று வருஷம் நம் வீட்டில் ஒருவரும் அவனைச் சரியாகப் பார்க்கவில்லை. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இயற்கைப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள், தவளைக்கு எத்தனை விரல் என்று முப்பது குழந்தைகளை எண்ண வைத்தவள், நானும் பார்க்கவில்லை! வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் பாம்பணையில் பள்ளிகொண்டவரைச் சேவித்துக்கொண்டே வளர்ந்தவர்களுக்கு, தண்ணீரில் நீளமாக ஒன்று சுருண்டு கிடந்தால் வேறு என்னவென்று நினைக்கத் தோன்றும்?

போன புரட்டாசியில் அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். சாத உருண்டை ஊறி, உடைந்து, மறுநாள் காலை வரை மிதந்தது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு மாசம். நீங்கள் ஏகாதசியோடு துவாதசியையும் சேர்த்துப் பட்டினி கிடந்தீர்கள். என்ன அபசாரம் பண்ணினேன், யார் மனசை நோகடித்தேன் என்று கணக்குப் பார்த்தீர்கள். ஆபீசில் எப்போதோ பியூனைத் திட்டியதைக்கூட நினைவுபடுத்திக்கொண்டு, அந்த மனிதரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தீர்கள். அவர் பயந்தே போய்விட்டாராம்.

மார்கழியில் படுத்தீர்கள். தையில் அந்தக் கடைசி நாள் மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பங்கஜம், இன்னிக்காவது சாப்ட்டானாடி?" என்று கேட்டீர்கள்.

நான் வாத்தியாரம்மா. பொய் சொல்லத் தெரியாதவள் என்று எனக்கே என்மேல் ஒரு பெருமை. "இல்லப்பா, உருண்டை அப்படியே மிதக்கறது" என்றேன். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். சாயங்காலம் போய்விட்டீர்கள்.

ஒரு "ஆமாம்பா" சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? பெருமாளே தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்ற நினைப்போடு உங்களை அனுப்பிவைத்தேன். அன்றிலிருந்து வாளியை இறக்கும்போது கை தட்டுவதையே விட்டுவிட்டேன்.

இனிமேல்தான் சமாசாரம்.

வைகாசியில் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. தூர் வார லால்குடிப் பக்கத்திலிருந்து முத்தையனை வரவழைத்தோம். கிணற்று வேலையில் கெட்டிக்காரர், வாயும் அதற்கு ஏற்றாற்போல். உள்ளே சேஷன் இருக்கிறான், மேலே படாமல் வேலை பார்க்க வேண்டும் என்று அம்மா அரை மணி நேரம் சொல்லியிருக்கிறாள். மனிதர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அப்புறம் உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், கிணறே அதிர்ந்தது.

"அம்மா, இது பாம்பு இல்லீங்க! விலாங்குங்க! விலாங்கு மீனு! என் கை தண்டி இருக்கு!"

அம்மா சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "மீனா? பதிமூணு வருஷமா பெருமாளுக்கு மீன் தண்ணியிலயா திருமஞ்சனம் பண்ணிண்டிருந்தேன்?"

"காவேரியில மட்டும் என்ன பூசணிக்காயா நீந்தறது?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அதற்குள் முத்தையன் அவனை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு மேலே வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருந்தாரா? "மூலத்துக்கு இதைவிட மருந்து கெடையாதுங்க. வேண்டாம்னா குடுங்க, நான் கொண்டு போயி..." மேலே அவரைப் பேசவிடாமல் அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "கண்ணுல படாம எங்கேயாவது கொண்டு போகச் சொல்லுடி!" என்று கத்தினாள்.

கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, அப்பா. பாம்போ மீனோ, பதின்மூன்று வருஷம் உங்கள் கையால் சாப்பிட்டவன். மாட்டுக்கொட்டில் பக்கத்தில் இருக்கும் கல்தொட்டியில் விடச் சொன்னேன். முத்தையன் தலையைச் சொறிந்துகொண்டே விட்டார். அம்மா அன்றே புரோகிதரை வரவழைத்துத் தீட்டுப் போகப் புண்யாஹவாசனம் பண்ணிவைத்தாள். பக்கத்தாத்து மாமி ஒரு வாரம் நம் வீட்டில் தீர்த்தம்கூட வாங்கவில்லை.

நான் தொட்டிக்கு முன்னால் மணைபோட்டு உட்கார்ந்து, முதல் தடவையாக அவனைப் பார்த்தேன். தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் குட்டிக் குட்டித் துடுப்பு. முதுகில் தொடங்கி வாலைச் சுற்றி வயிறு வரை, புடவைக்கு ஓரம் அடித்த மாதிரி ஒரே துடுப்பு. முதுகு கறுப்பு, வயிறோ தேய்த்து வைத்த வெள்ளிக் கிண்ணம். கண்கள்தான் என்னைத் திடுக்கிட வைத்தன. அந்தச் சின்னத் தலைக்கு அவ்வளவு பெரிய கண்ணா? தவளைக்குஞ்சு போட்டேன், மண்புழு போட்டேன். தொடவில்லை. என் கையாலும் சாப்பிடவில்லை!

ராத்திரி இதைக் கேட்ட உங்கள் மாப்பிள்ளை, "பொன்மலை ஆபீஸ்ல என்கூட வேலை செய்யறவரோட தம்பி காலேஜ்ல மிருகசாஸ்திரம் சொல்லித்தரார், கூட்டிண்டு வரட்டுமா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிலுக்குப் போய்விட்டு, அதாவது அவருடைய கோவிலுக்கு, நேரே வந்தார் அந்தத் தம்பி, ஞானமுத்து சார். மீசைகூடச் சரியாக முளைக்காத பிள்ளை. வெள்ளைச் சட்டையோடு நம் கொல்லை மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தார். அம்மா சமையலுள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது எங்க பொறந்ததுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"கொள்ளிடத்துல" என்றேன்.

"இல்லீங்க. கடல்ல!"

அப்பா, நான் கேட்டதை அப்படியே சொல்கிறேன், பிடித்துக்கொள்ளுங்கள். விலாங்குக்கு முட்டை உண்டா, குஞ்சு உண்டா என்று ஆயிரக்கணக்கான வருஷமாக உலகத்தில் ஒருவருக்கும் தெரியாதாம். ஆற்றில் எத்தனை பிடித்து அறுத்தாலும் வயிற்றில் முட்டை இராதாம். சேற்றிலிருந்து தானாக உண்டாகிறது என்றுகூடப் பெரிய பெரிய பண்டிதர்கள் எழுதி வைத்தார்களாம். கடைசியில் ஐரோப்பாவிலிருந்து ஒரு கப்பல் கிளம்பி, கடல் கடலாக மெல்லிய வலையை இழுத்துக்கொண்டு அலைந்ததாம். அகப்பட்டவை என்ன தெரியுமா? வெற்றிலைக் கொழுந்து மாதிரி தட்டையாக, கண்ணாடி மாதிரி, அடியில் பத்திரிகையை வைத்தால் எழுத்துப் படிக்கிற அளவுக்குத் தெளிவாக ஒரு ஜந்து. அதுதான் விலாங்கின் குஞ்சு!

நம் பக்கத்து விலாங்குகளின் குஞ்சுகள் சுமத்ராவுக்கு மேற்கே அகப்பட்டனவாம். மைல் கணக்கில் ஆழம் உள்ள சமுத்திரம். அடியில் வெயில் என்பதே கிடையாது, நாள் கிழமை கிடையாது, மேலே உள்ள தண்ணீரின் பாரத்தில் இரும்புப் பெட்டிகூட நசுங்கிப் போகுமாம். அந்தப் பக்கத்தில் எங்கேயோதான் பெரிய விலாங்குகள் போய் முட்டையிடுகின்றன. எங்கே, எப்படி என்று கண்ணால் பார்த்த மனுஷன் இன்று வரை ஒருவர்கூட இல்லை. குஞ்சுகள் அங்கிருந்து மிதந்து மிதந்து வங்காள விரிகுடாவைக் கடந்து, கொள்ளிடத்து முகத்துவாரத்தைக் கண்டுபிடித்து, கீழணையின் ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறி வந்திருக்கின்றன. நம் சேஷன் அப்படி வந்தவன்! பால் விட நாம் வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தோமே, அவன் சமுத்திரத்தையே குடித்துவிட்டு வந்தவன்.

ஞானமுத்து சார் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போக, சமையலுள் ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எந்தக் கடல்னு சொன்னேள்?"

"ரொம்ப தூரத்துல, ஆழமான கடலுங்கம்மா."

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் மெல்ல, "அவர் பாற்கடல்னு சொன்னார்" என்றாள்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "சார், இது புரட்டாசியிலேர்ந்து சாப்பிடலை. ஏதாவது வியாதியா?"

அவர் சடக்கென்று எழுந்து உட்கார்ந்தார். சட்டை முழுக்க மண். "புரட்டாசியிலருந்தா? அப்ப சரிதான்! கண்ணு இவ்வளவு பெரிசாயிருக்கு, வயிறு வெள்ளியாயிருக்கு, நானே கேக்கணும்னு நெனைச்சேன். கடலுக்குக் கெளம்புறப்போ இது இப்படித்தாங்க ஆகும். இருட்டுல பாக்கக் கண்ணு பெரிசாகும். சாப்பாட்டை நிறுத்திடும். குடலே சுருங்கிப் போயிடும். நீங்க அமிர்தத்தைக் கொண்டாந்து வச்சாலும் தொடாது. அவ்வளவு தூரமும் பட்டினியாவே போகும்."

"யார்மேலயும் கோபம் இல்லையே?" என்று கேட்டேன். பைத்தியக்காரக் கேள்வி. அந்தப் பிள்ளை என்னை விநோதமாகப் பார்த்தார்.

"கோபமா? அதுக்குக் கெளம்புற நேரம் வந்துடுச்சுங்க, அவ்வளவுதான்."

அப்பா! அவ்வளவுதானாம், கேட்டீர்களா? அபசாரம் இல்லை, பியூன் இல்லை, துவாதசிப் பட்டினி வேண்டியிருக்கவில்லை. அவன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்! நான் தொட்டியடியிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதேன், சிரித்தேன், இரண்டும் சேர்ந்து வந்தது. அம்மா சமையலுள்ளை விட்டு வெளியே வந்து, ஞானமுத்து சாருக்குப் பெரிய டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்தாள். இரண்டாவது டம்ளரும் வந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே குறி. அவனைக் கடலுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் எப்படி? மேட்டூரில் அணை கட்டிய பிறகு தண்ணீர் வருவதும் போவதும் சர்க்கார் கையில். கொள்ளிடம் வெறும் மணல், காலை வைத்தால் கொப்புளிக்கும். வெள்ளம் வரும் வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் அவன் உயிரோடு இருக்க வேண்டும். பட்டினி ஒன்பதாவது மாசம். பள்ளிக்கூடம் விட்டதும் காவேரிப் பாலத்தில் பஸ்ஸிலிருந்து எட்டி எட்டித் தண்ணீர் பார்ப்பேன். கூட வருகிறவர்கள் எனக்கு ஆற்றங்கரையில் நிலம் இருக்கிறதென்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆனி மாசம் ஒரு மழை பெய்தது. காலையில் பார்த்தால் தொட்டி காலி! எனக்கு உயிரே போய்விட்டது. பூனை, காக்கை, பக்கத்தாத்து நாய், எல்லாவற்றையும் சபித்துக்கொண்டு தேடினேன். அம்மாதான் கண்டுபிடித்தாள். வாழைப் பாத்தி ஈரத்தில், மண்ணைப் பூசிக்கொண்டு, மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தான். வடக்குப் பார்த்து. கொள்ளிடம் இருக்கிற திசை. தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஞானமுத்து சார் பிறகு சொன்னார். இருக்கட்டும். "வழி தெரிஞ்சவன்டி" என்று அம்மா சொன்னதைத்தான் நான் நம்புகிறேன். மீன் என்று பெயர் வந்த நாளிலிருந்து அந்தப் பக்கமே போகாதவள், அன்று தன் கையாலேயே ஈரச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்து தொட்டியில் விட்டாள். அப்புறம் ஸ்நானம் பண்ணினாள், அது வேறு.

ஆடி பிறந்து நாலாம் நாள் மேட்டூர் நிரம்பி வழிகிறது என்று செய்தி வந்தது. இரண்டு நாளில் கொள்ளிடம் கரை தொட்டு ஓடியது. செம்மண் நிறத் தண்ணீர், மரக்கிளையும் நுரையுமாக, பேசினால் காதில் விழாத இரைச்சல். முத்தையனுக்குச் சொல்லியனுப்பினேன், முதல் ரயிலில் வந்துவிட்டார். கல்யாண அண்டாவில் அவனை விட்டு, ஈரச் சாக்கால் மூடி, குதிரை வண்டியில் வைத்தோம். நான் ஏறினேன். பார்த்தால் அம்மா மடிப்புடவையோடு வந்து நிற்கிறாள், கையில் வெள்ளி உத்தரணியும் பால் கிண்ணமும்.

"நீ எதுக்கும்மா?"

"அவர் இருந்தா வந்திருக்கமாட்டாரா? தள்ளி உக்காரு."

கொள்ளிடக் கரை வடதிருக்காவேரிப் படித்துறையில் முத்தையன் இடுப்பளவு இறங்கி நின்றார். இரண்டு மாசத்துக்கு முன்னால் குழம்பு வைக்கக் கேட்ட மனிதர், இப்போது குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அவனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "விட்டுடலாங்களா?" என்று கேட்டார். அம்மா ஓர் உத்தரணி பாலை ஆற்றில் விட்டாள். அப்புறம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, மூன்று தடவை கை தட்டினாள். "கொள்ளிடமே, தள்ளிக்கோ. சேஷன் வரான்" என்றாள்.

முத்தையன் கையை விரித்தார். ஒரு வெள்ளிக் கீற்று. அவ்வளவுதான் பார்த்தேன். கீழணையைத் தாண்டி, முகத்துவாரத்தைத் தாண்டி, எந்த விலாசமும் கையில் இல்லாமல், யாரும் பார்த்திராத அந்த இருட்டுக்கு. போய்ச் சேர்ந்தானோ இல்லையோ, எனக்கு யார் வந்து சொல்வார்கள்? ஆனாலும் வண்டியில் திரும்பும்போது நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேன். சுமத்ரா என்றேன், ஆழம் என்றேன், அவன் குஞ்சுகள் ஏறி வரும் என்றேன்.

அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். கோபுரம் தெரிந்ததும் கையைக் கூப்பினாள். அப்புறம் எங்கோ பார்த்துக்கொண்டு, "அவரும் கடைசிப் பத்து நாள் ஒண்ணும் தொடலையேடி. கஞ்சி வச்சேன், பால் வச்சேன், வாயை மூடிண்டுட்டார். என்மேல கோபமோன்னு நினைச்சுண்டிருந்தேன்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "அவருக்கு எழுதிப் போடு" என்றாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். அன்று மத்தியானம் நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் பாதிதான், அப்பா. மீதியை இப்போது சொல்கிறேன். சேஷன் சாப்பிடவில்லை. அவனுக்கு உங்கள்மேல் எந்தக் கோபமும் இல்லை. அவன் கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். நீங்களும் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள், எனக்குத்தான் தெரியவில்லை.

ஒரு வாக்கு தருகிறேன். நம் கிணற்றுக்கு மூடி போட விடமாட்டேன். மறுபடி வெள்ளம் வந்து வடிந்தால், யார் தடுத்தாலும் விளக்கை வைத்துக்கொண்டு நன்றாகக் குனிந்து பார்ப்பேன். ஒரு சாண் நீளத்தில் யாராவது வந்து நெளிந்தால் தயிர்சாதம் உண்டு, சாப்பிடுவதை நிறுத்தும் நாளில் கொள்ளிடமும் உண்டு. அதுவரை கிணறு காலிதான். ஆனாலும் இன்று காலை, வாளியை இறக்குமுன், நானும் அம்மாவும் சேர்ந்து கை தட்டினோம்.

வெள்ளிக்கிழமைப் பாலை உங்களுக்குத் தெரியாமல் பாதி குடித்தே வளர்ந்த,
உங்கள் இரண்டாவது பெண்
பங்கஜம்
ஸ்ரீரங்கம்